எந்தப் பாம்பு?

தென்காசிப் பக்கம் இணையதளம் செய்யக் கற்றுக்கொடுப்பவர் பொற்கொடி. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அவரிடம் மாணவராக வந்து சேர்ந்த கார்வண்ணன் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பாம்புகளைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார். கேட்காவிட்டாலும் பேசுவார்.

அவர் செய்த முதல் தளம், பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரியைக் காட்டுவது. நல்ல மனசோடு செய்தது, அதில் சந்தேகமில்லை. திறந்ததும் பாம்புப் படங்கள் வரிசையாக வரும். கடித்த பாம்பு எதுவோ அதைத் தொட்டால்தான் அடுத்த பக்கம்.

ஒரு நாள் காலை, சிரித்த முகத்தோடு வந்தார்.

"டீச்சர், போன செவ்வாய்க்கிழமை ஒருத்தர் என் படப் பக்கத்தை முக்கால் மணி நேரம் திறந்து வச்சிருக்கார். யாருமே இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இன்னும் படம் சேர்க்கட்டுமா?"

"பாம்பு மாறினா ஆஸ்பத்திரி மாறுமா சார்?"

"மாறாது. இங்க எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான். பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியைத்தான் காட்டும்."

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கறது நல்லதுதானே டீச்சர்."

பொற்கொடி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்க சார், ஒரு சாவு வீட்டுல துட்டி கேக்கணும். நான் முந்தாநாளே போயிட்டு வந்துட்டேன். இன்னைக்கு உங்களோட போகணும்."

வாழைத்தோட்டக்காரர் எசக்கிப்பாண்டியின் வீடு அது. மனைவி செல்லக்கனியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது.

"அண்ணாச்சி, இவர்தான் அந்தத் தளத்தைச் செஞ்சவர்," என்றார் பொற்கொடி.

எசக்கிப்பாண்டி எழுந்து தன் நாற்காலியைக் கார்வண்ணனுக்குக் கொடுத்தார்.

"நல்ல காரியம் பண்ணிருக்கிய சார். எனக்குத்தான் கொடுப்பினை இல்ல."

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் கார்வண்ணன்.

"போன செவ்வாக்கிழம தோட்டத்துல வச்சு அவளப் பாம்பு கடிச்சிட்டு. ஒடனே போன்ல உங்க இதத்தான் தெறந்தேன். எந்தப் பாம்புன்னு கேட்டுச்சு. அவ பாக்கல, நானும் பாக்கல. தப்பாச் சொன்னா தப்பான மருந்த போட்டுருவாவளோன்னு பயம். அவள வரப்புல உக்கார வச்சுட்டுப் பாம்பத் தேடிப் போனேன்."

படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"வாழைக்குள்ள பூராத் தேடினேன் சார். அந்தப் படம் அணையாமப் பாத்துக்கிட்டு, போனக் கையிலயே வச்சுக்கிட்டு. ஆம்புடல. திரும்பி வந்தா, அவளுக்குக் கண்ணு சொருகிட்டு."

முக்கால் மணி நேரம் என்று காலையில் தாம் சொன்னது கார்வண்ணனுக்கு ஞாபகம் வந்தது. சொல்லும்போது சிரித்ததும் ஞாபகம் வந்தது. தம்மை நினைக்கவே அவருக்குக் கூசியது.

"நாலு எழுத்து படிச்சிருந்தா பாம்பு அடையாளம் தெரிஞ்சிருக்கும். எம்மேலதான் தப்பு," என்றார் எசக்கிப்பாண்டி. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். எந்தப் பாம்புன்னு நான் சொல்லியிருந்தா, அது வேற ஆஸ்பத்திரியக் காட்டியிருக்குமோ?"

கார்வண்ணன் பொற்கொடியைப் பார்த்தார்.

"தளத்துல நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் தேடி அவர் தோட்டத்துக்குள்ள போனாரு," என்றார் பொற்கொடி. "அவர் கேக்கறதுக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம் சார். பதில் உங்களுக்குத் தெரியும்."