புளியங்கட்டைக்கு வைத்த தீ

மடத்து முற்றத்தில் நின்ற புளியமரம் போன வருஷக் காற்றில் சாய்ந்தது. கிளைகளும் தடியும் அடுப்புக்குப் போயின. அடிக்கட்டை மட்டும் நடைவழியில் கிடந்து, வருகிறவர் போகிறவர் கால்விரலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது.

மடத்தை நடத்தி வந்தவர் கோமதியம்மை. அவருடைய சீடர் ஆவுடையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சொந்தத் தம்பி குத்தாலத்தின் மேல் அரிவாளை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையைப் பார்த்துத் தானே பயந்து மடத்துக்கு ஓடி வந்தவர். தியானத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். அதை நாலு பேரிடம் சொல்லாமலும் இருக்க மாட்டார்.

ஒருநாள் குத்தாலத்தின் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. ஆவுடையப்பன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போயிட்டு வரட்டுமாம்மா?"

"கோபம்?"

"அதெல்லாம் எப்பவோ அணைஞ்சு போச்சு."

கோமதியம்மை முற்றத்தைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. அதுக்குள்ள அந்தக் கட்டையை எடுத்துருங்க அண்ணாச்சி."

புளியங்கட்டை அவ்வளவு சுலபத்தில் மசியுமா? கோடரி துள்ளித் திரும்பியது. தோண்டினால் வேர் நாலு பக்கமும் ஓடியது. ஆவுடையப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. தேங்காய் மட்டையையும் வறட்டியையும் கட்டையின் மேல் குவித்துத் தீ வைத்தார். கட்டை நாள்கணக்கில் கனன்று சாம்பலானது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி, இடத்தை மட்டமாக்கினார். அங்கே ஒரு மரம் நின்றது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வெளுத்த வேட்டியும் தோளில் பையுமாக வந்து நின்றார். அவருடைய ஊர் கிழக்கே இருந்தது. பஸ் வரும் நேரம்.

"தீ அணைஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார் கோமதியம்மை.

"அணைஞ்சிட்டும்மா. நீங்களே பாருங்க."

குனிந்து, கட்டை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். மண் குளிர்ந்து கிடந்தது.

"ஊருக்குப் போய் என்ன செய்வீங்க?"

"தாலியை எடுத்துக் கொடுப்பேன். குடும்பத்துல மூத்தவன்லா நான்."

"வேற யாரையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்லிட்டா உங்க தம்பி?"

ஆவுடையப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அப்படிச் செய்ய மாட்டான்."

"செஞ்சிட்டா?"

"செய்யட்டும், பாப்போம்!" பையின் வாரை அவர் கை இறுக்கிப் பிடித்தது. "அத்தனை பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டிட்டு அவன் பந்தல்ல நின்னுருவானா?"

கோமதியம்மை அந்தக் கையைப் பார்த்தார்.

அப்போது மேற்கே, தொழுவத்தில், பசு அலறியது. நிறைசினைப் பசு. ஆவுடையப்பன் திரும்பினார். தொழுவத்து வைக்கோலுக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பையை எறிந்துவிட்டு ஓடினார். பசு மிரண்டு பின்னால் இழுக்க இழுக்க, கட்டுத்தறியில் முடிச்சு இறுகியது. வைக்கோலில் தீ பற்றிக்கொண்டது. பின்னால் போய்த் தோளைக் கொடுத்து முன்னால் தள்ளிப் பார்த்தார்; அது முரண்டு பிடித்தது. கடைசியில் கழுத்தைக் கட்டிப் பிடித்து ஓரடி இழுத்தார். கயிறு தளர்ந்தது. முடிச்சை அவிழ்த்து வெளியே விரட்டினார். அதற்குள் கோமதியம்மை வைக்கோலை இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்டினார்.

தீ அடங்கியது. ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க யாரும் விளக்குகூட வைக்கலையே. எங்கேயிருந்தும்மா வந்தது?"

கோமதியம்மை மண்வெட்டியை நீட்டினார்.

வைக்கோல் கிடந்த இடத்தைக் கொத்தினார் ஆவுடையப்பன். மண்ணுக்குள் புளியமரத்து வேர் ஒன்று சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அணைத்துவிட்டு மேற்கொண்டு கொத்தினார். அங்கேயும் கனல். வேரைப் பிடித்துக்கொண்டே கொத்திக் கொத்திப் போனார். வெளுத்த வேட்டி கரியானது. தொழுவத்தைத் தாண்டி, முற்றத்துக்கு வந்து, சற்று முன் உள்ளங்கையை வைத்துக் காட்டிய இடத்தில் போய் நின்றார்.

அங்கிருந்து அவரால் நகர முடியவில்லை.

சாலையில் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது.

"பஸ் போயிட்டேம்மா. செண்பகம் என்னைத் தேடுவாளே."

"சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு," என்றார் கோமதியம்மை. "கிழக்கே போற வேரை நீங்க இன்னும் தோண்டிப் பாக்கலையே அண்ணாச்சி."