பார்க்கலாமா என்று கேட்ட கணினி

நூற்பாலை அலுவலகம் ஒன்றில் தில்லைநாயகம் என்றொரு மேலாளர் இருந்தார். அங்கிருந்த லினக்ஸ் கணினிகளைப் பராமரித்தவள் ஜெபசீலி என்னும் தற்காலிகப் பணியாளர். ஓரிடத்தில் அமர்ந்தே மற்றவர் கணினித் திரையைக் காண உதவும், நிரலை யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளை அவள் நிறுவியிருந்தாள். திரைக்கு உரியவரிடம் "பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அது திறக்கும்.

"அந்தக் கேள்வி எதற்கு? நிரல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது, எடுத்துவிடு. முடியாதென்றால் நாளை முதல் வேலைக்கு வராதே" என்றார் மேலாளர்.

"எடுத்தால் எல்லாக் கணினியிலும் அந்தக் கேள்வி போய்விடும், ஐயா."

"போகட்டும்! தப்பு செய்யாதவனுக்கு என்னம்மா பயம்?"

ஜெபசீலி எடுத்துவிட்டாள். மறுநாள் மேலாளர் ஊழியர் அனைவரையும் கூட்ட அறைக்கு வரவழைத்தார். "யார் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று பெரிய திரையில் பார்ப்போம். ஏதாவது ஒரு கணினியைத் திற!"

ஜெபசீலி திறந்தது மேலாளரின் கணினியை. 'மேடையில் பேசும்போது கை நடுங்காமலிருக்க என்ன செய்வது?' என்று அவர் தேடிய பக்கம் சுவர் முழுவதும் விரிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டவர்களைப்போல் எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஜெபசீலிக்கும் முகம் நிமிரவில்லை.

"மூடும்மா" என்றார் மேலாளர், தழைந்த குரலில்.

"இதில் தப்பு எதுவும் இல்லையே, ஐயா."

"தப்பில்லைதான்... அந்தக் கேள்வியைத் திரும்ப வைத்துவிடு."

அன்பர்களே, மனிதர் மறைப்பதெல்லாம் குற்றமன்று. ஆகவே, பிறர் திரையைத் திறக்குமுன் கேளுங்கள். கேளாமல் திறந்த அன்று, அந்த அறையில் வெட்கப்படாதவர் ஒருவருமில்லை.