கோணம்பட்டியின் தீராத தோட்டா

முட்டாள்தனத்தை ஒழிந்த நேரத்தில் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோணம்பட்டியில் மட்டும் மூன்று பேர் அதை முழுநேர உத்தியோகமாகவே பார்த்து வந்தார்கள். நான் அந்த ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய், அப்பளம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவன். அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆங்காங்கே குரல் கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோணம்பட்டியில் ஒரு வழக்கம். ஏதோ ஒரு காலத்து ஜமீன்தார் போகிற போக்கில் ஊருக்கு ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அங்கே கெட்டிமேளம் கிடையாது. துப்பாக்கி வெடிக்க வேண்டும், அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை தாலி கட்ட வேண்டும். சத்தம் கேட்காமல் கட்டினால் அது கல்யாணக் கணக்கில் சேராது. கழுத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான்.

தோட்டாவை ஊரிலேயே கையால் அடைப்பார்கள். குண்டு இல்லாத தோட்டா, சத்தத்துக்கு மட்டும் மருந்து. அதன் அடிப்பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். அதற்குக் கேப்பு என்று பெயர். விசையை இழுத்தால் துப்பாக்கியின் சுத்தி கேப்பில் அடிக்கும், கேப்பு பொறியைக் கிளப்பும், பொறி மருந்தில் பற்றும், டமார். இந்த வேலையைப் பார்த்தவர்கள்தான் நான் சொன்ன மூன்று பேர். தலைவர் உக்கிரபாண்டி. அவருக்கு இரண்டு கைகள், சீனிச்சாமியும் குருவனும்.

போன தையில் உக்கிரபாண்டியின் அண்ணன் மகள் அங்காளேஸ்வரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். துப்பாக்கி 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. முகூர்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று சொல்லி, தாலியை மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் மாலையைத் தானே கழற்றி ஆணியில் மாட்டினாளாம்.

அதற்குப் பிறகு டவுனிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாரை அழைத்துவந்து யோசனை கேட்டார்கள். அவர் நல்ல மனிதர். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்.

"மருந்துக்கிட்ட ஈரம் வரக்கூடாது. கேப்புல எண்ணெய்க் கை படக்கூடாது. வெடிக்கலைன்னா ஆள் இல்லாத பக்கமா காட்டிக்கிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. அப்பவும் வெடிக்கலைன்னா, வெடிக்காத தோட்டாவையெல்லாம் ஒண்ணா வச்சுப் பாருங்க. எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு கண்டுபிடிங்க. அதை நிறுத்துங்க. கோளாறு நின்னுரும்."

இதில் ஒரு சொல் குறையில்லை. கேட்டவர்கள்தான் கோணம்பட்டிக்காரர்கள்.

வைகாசியில் அங்காளேஸ்வரிக்கு இரண்டாவது மாப்பிள்ளை அமைந்தார். பூவாணிப்பட்டி தவமணி. அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேச சடையாண்டி என்று ஒரு பெரியப்பா இருந்தார். மூன்று பேரும் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"மருந்துக்கிட்ட ஈரம் வரக்கூடாதுன்னாரே, மருந்து யாருக்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

"நம்மகிட்டதாண்ணே" என்றான் குருவன்.

"அப்ப நம்மகிட்ட ஈரம் வரக்கூடாது."

அன்றிலிருந்து கல்யாணம் வரை மூன்று பேரும் குளிக்கவில்லை. கல்யாணத்தன்று பன்னீர் தெளிப்பதைத் தடுத்தார்கள். கண்ணீரும் ஈரம்தான் என்பதால், பெண்ணைப் பெற்றவள் பந்தலில் அழக்கூடாது, அழுதே ஆகவேண்டுமென்றால் ஊர் எல்லைக்குப் போய் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த அம்மாள் பாவம், இரண்டு தடவை போய்வந்தாள்.

அடுத்தது எண்ணெய்.

"எண்ணெய்க் கைன்னாரே, யாரு கைன்னு சொன்னாராண்ணே?" என்றான் சீனிச்சாமி.

"சொல்லலையே."

"அப்ப ஊர்ல எல்லாக் கையும்தான்."

நலுங்கு நின்றது. குத்துவிளக்கு அணைந்தது. சமையல்காரரின் எண்ணெய்ச் சட்டியைக் குருவன் தூக்கிக்கொண்டு போய்க் களத்துமேட்டில் கவிழ்த்து வைத்தான். வடை இல்லை, அப்பளம் இல்லை, சாம்பாருக்குத் தாளிப்பு இல்லை. சடையாண்டிப் பெரியப்பா அவிந்துபோன முகத்தோடு சமையல் கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிரலாமா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது, இந்தத் தடவையும் வெடிக்காவிட்டால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

இவ்வளவு செய்தார்களே, கேப்பை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உக்கிரபாண்டி பெருமையோடு ஒரு பீங்கான் ஜாடியைக் காட்டினார். அதில் கழுத்துவரை விளக்கெண்ணெய். கேப்பு மாட்டிய தோட்டாக்கள் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தன.

"எண்ணெய்க் கை படக்கூடாதுல்ல? அதான் கையே படாம, நேரா எண்ணெயிலயே போட்டு வச்சிருக்கோம். எடுக்குறதுகூடக் கரண்டியாலதான்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஈரம் தெறிக்கும் என்று குருவன் என் வாயைப் பொத்திவிட்டான்.

முகூர்த்தம் வந்தது. உக்கிரபாண்டி விசையை இழுத்தார். டிக்.

ஆள் இல்லாத பக்கம் காட்ட வேண்டுமே! அவர் வைக்கோல்போர்ப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினார். அங்கே என்ன இருக்கிறதென்று பார்க்கப் பாதிப் பந்தல் எழுந்து அங்கே போயிற்று. கிணற்றுப் பக்கம் திருப்பினார். கூட்டமும் கிணற்றுப் பக்கம் வந்தது. கடைசியில் வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று ஹவில்தார் சொல்லவில்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தார். சீனிச்சாமி அவருக்கு இட்லி ஊட்டினான்.

கை மரத்துப்போன பிறகு அடுத்த தோட்டா. டிக். அதற்கடுத்தது. டிக். ஜாடியில் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அங்காளேஸ்வரி மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தவமணி தாலியை விரல்களில் கோத்துக்கொண்டு, எந்த நேரத்திலும் கட்டத் தயாராகக் கையைத் தூக்கியே வைத்திருந்தார். பெரியப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

"சித்தப்பா, இந்தத் தடவையும் மாலையை ஆணியில மாட்ட என்னால முடியாது" என்றாள் அங்காளேஸ்வரி. கண்ணில் நீர் கோத்தது. குருவன் ஓடிவந்து துப்பாக்கிக்குக் குடை பிடித்தான்.

"கலங்காத தாயி, இன்னும் ஒரு வழி இருக்கு" என்றார் உக்கிரபாண்டி. வெடிக்காத மூன்று தோட்டாக்களையும் வாழையிலையில் வரிசையாக வைத்தார். மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மூணுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

"மூணும் பளபளன்னு இருக்குண்ணே" என்றான் குருவன்.

"அது நல்ல எண்ணெய், அப்படித்தான் இருக்கும். வேற?"

"மூணு தடவையும் கல்யாணம் நடந்துச்சு" என்றான் சீனிச்சாமி.

"அதை நிறுத்துனா எங்கண்ணன் அடிப்பாருடா. வேற?"

நெடுநேரம் யோசித்தார்கள். திடீரென்று உக்கிரபாண்டியின் முகம் மாறியது.

"டேய், மூணு தடவையும் நான் விசையை இழுத்தேன்."

இருவரும் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"தையில வெடிக்காமப் போனப்பவும் இழுத்தேன். இழுக்காதப்ப என்னைக்காச்சும் இது வெடிக்காமப் போயிருக்கா? வருஷக்கணக்கா பரண்ல கிடக்கு. ஒரு நாள் 'டிக்'குன்னு சொல்லிருக்குமா?"

"சொன்னதே இல்லண்ணே!"

"கோளாறே அதுதான். இழுக்கிறதை நிறுத்துங்கடா."

கடைசித் தோட்டாவைக் கரண்டியால் எடுத்துத் துப்பாக்கியில் போட்டு, துப்பாக்கியை ஒரு முக்காலியில் மொட்டைச் சுவரைப் பார்த்து வைத்து, மாலையும் போட்டார்கள். "யாரும் தொடக்கூடாது. எல்லாரும் துப்பாக்கியையே பாருங்க. தொந்தரவு பண்ணாம விட்டா அது பாட்டுக்கு வெடிக்கும்" என்றார் உக்கிரபாண்டி. ஊரே முக்காலியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. மணையில் இருந்த இருவருக்கும் எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது.

நான் மட்டும் அப்பளம் வருமா என்று சமையல் கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நடந்ததைப் பார்க்க முடிந்தது.

தாம்பாளத்தில் ஒரு காகிதப் பை நிறையக் கற்கண்டு இருந்தது. அங்காளேஸ்வரி அதை எடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று மாப்பிள்ளையின் உள்ளங்கையில் கற்கண்டை மொத்தமாகக் கொட்டினாள். பையை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதி, பையின் கழுத்தைத் திருகி, ஓங்கி ஒரு அடி.

டமார்!

தவமணி ஒரு கணம் அவளைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். கையில் கற்கண்டோடு முடிச்சுப் போட முடியாது, கீழே போடவும் மனமில்லை. எல்லாவற்றையும் வாயில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கன்னமும் புடைக்க, மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். அங்காளேஸ்வரி கிழிந்த பையை மணைக்கடியில் தள்ளிவிட்டு, கண் நிறைய அழுதாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"வெடிச்சிருச்சு! இழுக்காமலே வெடிச்சிருச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சடையாண்டிப் பெரியப்பாவும் வியந்துபோய், பஸ்ஸை மறந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

உக்கிரபாண்டி துப்பாக்கியைத் திறந்தார். தோட்டா உள்ளே முழுசாக இருந்தது. கேப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்னண்ணே இது, தோட்டா அப்படியே இருக்கு?" என்றான் குருவன்.

உக்கிரபாண்டி அதைக் கரண்டியில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். "சத்தம் வந்துருச்சு. தோட்டா தீரலை. பக்குவமா வெடிச்சா இப்படித்தாண்டா. இவ்வளவு நாளும் இழுத்து இழுத்து வீணாக்கியிருக்கோம். இனி ஊர்க் கல்யாணம் அத்தனைக்கும் இந்த ஒண்ணே போதும்."

சீனிச்சாமி ஒரு நிமிஷம் யோசித்தான். "தோட்டா செலவாகவே இல்லைன்னா, அடுத்த கல்யாணத்துக்குத் தோட்டா போடாமலே வச்சுப் பாத்தா என்னண்ணே?"

உக்கிரபாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"தோட்டா இல்லாம துப்பாக்கி எப்படிடா வெடிக்கும்? முட்டாள் மாதிரிப் பேசாத" என்று சொல்லிவிட்டு, தோட்டாவைப் பத்திரமாக விளக்கெண்ணெய் ஜாடிக்குள் இறக்கி மூடிபோட்டார்.