சுல்தான் படி ஏறக் கூடாது

ஏழுமடைப்பட்டியில் பூவலிங்கம் வீட்டாரைப் பற்றி ஊரார் பலவிதமாகப் பேசுவார்கள். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த வீட்டில் யாருக்கும் புத்திக்குப் பஞ்சமில்லை. இருந்ததைச் சிக்கனமாகச் செலவு செய்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு மூத்தவன் பூவலிங்கம். பாவம், அவன் வாயைத் திறந்தாலே எதிரே இருப்பவருக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். அவன் மனைவி முப்பிடாதி. தம்பிகள் ஆவுடையப்பன், செந்தட்டி. யார் எதைச் சொன்னாலும் நால்வரும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டு மனதில் வைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். ஒரே தலையில் இரண்டு சங்கதியைப் போட்டால் ஒன்றையொன்று இடித்து இரண்டுமே கீழே விழுந்துவிடும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

முப்பிடாதியின் அண்ணன் கோமதிநாயகம் திருநெல்வேலியில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். அங்கே நாய்க்கு இடமில்லை. அதனால் சுல்தானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். கிரேட் டேன் ரகம். கன்றுக்குட்டி உயரம் இருந்தது, இன்னும் வளரும் என்றார். ஜீப்பை விட்டு இறங்கிய சுல்தான் நேரே போய் முன்கால் இரண்டையும் பூவலிங்கத்தின் தோளில் வைத்தது.

"சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டான் பூவலிங்கம். சுல்தான் அவன் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை நக்கியது. அவன் விசாரிப்புக்கு அதுவரை யாரும் இவ்வளவு மனப்பூர்வமாகப் பதில் சொன்னதில்லை.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்கிடுங்க," என்றார் கோமதிநாயகம். "எலும்பு வளருத வயசு, படி ஏற விடக் கூடாது. நடக்கக் கூட்டிட்டுப் போனா அது இழுக்குத பக்கம் போயிரக் கூடாது. சோத்துத் தட்டத் தரையில வைக்காம அது நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். தனியா விட்டா ஏங்கிப் போயிரும், எந்நேரமும் ஆள் பக்கத்துல இருக்கணும். கோயில் கொடைத் திருவிழா முடிஞ்சதும் வந்து பாப்பேன். நாய் நல்லா இருந்தா உங்களுக்கே. இளைச்சிருந்துச்சுன்னா தூக்கிட்டுப் போயி தெரிஞ்சவர் தோட்டத்துல விட்டுருவேன்."

படி பூவலிங்கத்துக்கு, இழுப்பு ஆவுடையப்பனுக்கு, தட்டு செந்தட்டிக்கு, துணை முப்பிடாதிக்கு என்று அங்கேயே பங்கு பிரித்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பூவலிங்கம் கிணற்று மோட்டார் ரிப்பேரான கதையைச் சுல்தானிடம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னான். சுல்தான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டது. எழுந்து போகவில்லை. பூவலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன ஆனாலும் இந்த நாயை விடக் கூடாது என்று முடிவு செய்தான்.

முதல் சிக்கல் தட்டில் வந்தது. செந்தட்டி சுல்தானின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டூலைத் தேடிப் பிடித்துத் தட்டை வைத்தான். சுல்தான் உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, நெஞ்சு இறங்கிட்டு," என்று கத்தினான் செந்தட்டி.

வேறு பலகை தேடி எடுத்து வருவதற்குள் சுல்தான் படுத்துவிட்டது.

"இப்ப நெஞ்சு தரையில கெடக்கு. தட்டையும் தரையில வைக்கணும். ஆனா தரையில வைக்கக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு."

நால்வரும் யோசித்தார்கள். "தட்டு இருக்குத எடத்துலயே இருக்கட்டும், அதுக்கடியில உள்ள தரையத் தோண்டி எடுத்துருவோம்," என்றான் ஆவுடையப்பன். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் சுல்தான் எழுந்து நின்றுவிட்டது. கடைசியில் தட்டைச் செந்தட்டியே கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானமானது. நாய் உட்கார்ந்தால் அவனும் குனிவான், படுத்தால் அவனும் குப்புறப் படுத்துத் தட்டைத் தரையில் படாமல் ஏந்திக்கொள்வான். சுல்தான் வயிறு நிறையச் சாப்பிட்டது. செந்தட்டிக்கு இடுப்பு கழன்றது.

மறுநாள் காலையில் எல்லோருமாக நடக்கப் போனார்கள். போகும்போது தொந்தரவில்லை. குளத்தங்கரையில் சுல்தானுக்குப் பசி வந்துவிட்டது. வீட்டுப் பக்கம் இழுத்தது.

ஆவுடையப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். "இழுக்குத பக்கம் போகக் கூடாது."

"நம்ம வீடு அந்தப் பக்கந்தானலே இருக்கு," என்றான் பூவலிங்கம்.

"வீடு அந்தப் பக்கம் இருக்குதது வீட்டோட தப்பு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. எதிர்ப்பக்கம் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து ஊர் வந்தது, அதற்கடுத்த ஊரும் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் சுல்தான் ஒரு உதறு உதறிக் கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடியது. நால்வரும் அங்கேயே உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"இப்ப நம்மள யாரும் இழுக்கல மைனி," என்றான் ஆவுடையப்பன் நெடுநேரம் கழித்து அண்ணியிடம். "இனிமே தாராளமா வீட்டுக்குப் போலாம்."

"அங்க அது தனியா இருக்கும்!" என்று அலறிக்கொண்டு முப்பிடாதி ஓட்டமெடுத்தாள்.

இதெல்லாம் சில்லறை. படி விவகாரம்தான் பெரிது. குளத்துத் தண்ணீர் புகாமலிருக்க அந்த வீட்டை உயரமாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் அகலமான படிகள் இருந்தன. சுல்தான் அவற்றில் தாராளமாக ஏறி இறங்கியது. பூவலிங்கம் குறுக்கே படுத்துப் பார்த்தான். அவனையும் மிதித்துக்கொண்டு ஏறியது.

"படி இருந்தாத்தான ஏறும்?" என்றான் பூவலிங்கம். கடப்பாரையை எடுத்துப் படிகளை உடைத்து, கல்லையெல்லாம் கொண்டுபோய்க் குளத்தில் போட்டார்கள். சுல்தான் வந்து பார்த்தது. நாலடி பின்னால் போய் ஒரே தாவலில் வீட்டுக்குள் போய்விட்டது.

"தாவுனா ஏறுன கணக்கா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"படியே இல்லையே, எப்படி ஏறுன கணக்காகும்?" என்றான் பூவலிங்கம் திருப்தியாக.

ஆனால் அவர்களுக்குத் தாவ வரவில்லை. வாசல் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஏணி வைக்கலாம் என்றான் செந்தட்டி. ஏணிக்கும் படி உண்டு என்று பூவலிங்கம் அதைத் தள்ளிவிட்டான். கல் வைத்தாலும் அது படி, மூட்டை வைத்தாலும் படி. கடைசியில் செந்தட்டி கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்துகொள்ள, மற்றவர்கள் அவன் முதுகில் கால் வைத்து உள்ளே போனார்கள். மனுசன் படியாக மாட்டான் அல்லவா? எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி மறுநாள் போயிற்று. தாவுவதைவிட இது சுகமாக இருக்கிறது என்று கண்டுகொண்ட சுல்தானும் செந்தட்டி முதுகில் கால் வைத்து ஏறிவிட்டது. பூவலிங்கம் முகம் வெளிறிப்போனான்.

"ஏலே செந்தட்டி, நீயும் படியாயிட்டியேலே!"

"நான் என்னண்ணே செய்வேன்?"

"படிய எடுத்துரணும்னு முடிவு பண்ணியாச்சு. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா வாசல்ல நீ இருக்கக் கூடாது."

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். செந்தட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனான். தட்டு அவன் கையில் அல்லவா இருந்தது? சுல்தானும் பின்னாலேயே போனது. அதைத் தனியாக விடக் கூடாதென்று முப்பிடாதி குதித்து இறங்கினாள். இழுக்கிற பக்கம் போகாமல் பிடிக்க ஆவுடையப்பன் இறங்கினான். வெறும் வீட்டில் பூவலிங்கத்துக்குப் பேச்சுத் துணையில்லை. அவனும் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன்மேல் குதித்தான். அப்புறம் மேலே ஏற வழியில்லை. மெத்தையைச் சுல்தான் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் வைக்கோலில் படுத்தார்கள்.

கோயில் கொடை முடிந்தது. ஜீப் வந்தது. கோமதிநாயகம் ஆரன் அடித்துப் பார்த்தார். படியில்லாத வாசலிலிருந்து ஒரு கோழி மட்டும் எட்டிப் பார்த்தது. பேச்சுக் குரல் தொழுவத்திலிருந்து வரவும் அங்கே போனார். மெத்தையில் சுல்தானும் வைக்கோலில் நால்வரும் கிடந்தார்கள்.

பூவலிங்கம் எழுந்து ஓடி வந்தான். "மச்சான், இளைச்சிருக்கான்னு பாருங்க."

அவர் சுல்தானின் விலாவைத் தடவிப் பார்த்தார். உடம்பு மினுமினுவென்று இருந்தது. "நாய் இளைக்கல. நீங்க நாலு பேருந்தான் இளைச்சுப் போயிருக்கீங்க."

"இளைச்சாத் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னீங்களே," என்றான் ஆவுடையப்பன் கவலையோடு. "அப்ப எங்களயா தோட்டத்துல விடப் போறீங்க?"

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வீட்டுல இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நாய்க்கும் கிறுக்குப் பிடிச்சிரும்," என்று சுல்தானின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

பூவலிங்கம் ஓவென்று அழுதுவிட்டான். "மச்சான், இந்த ஊர்ல நான் பேசி முடிக்குத வரைக்கும் கேட்ட ஒரே ஆளு இவந்தான். இவனயும் கொண்டு போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்?"

சுல்தான் எழுந்து வந்து பூவலிங்கத்தின் இரண்டு பாதங்களின் மேலும் உட்கார்ந்துகொண்டது. கோமதிநாயகம் இழுத்துப் பார்த்தார். நாயும் நகரவில்லை, பூவலிங்கத்தாலும் நகர முடியவில்லை. அவருக்கே மனசு இளகிவிட்டது. நால்வரையும் பார்த்தார், நாயையும் பார்த்தார். அங்கே பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆள் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சுல்தானின் தலையைத் தடவினார்.

"ஏ சுல்தான், இதுக நாலயும் இனிமே நீதாம்பா பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேட்டீங்களா? இனிமே நம்ம பொறுப்பு எல்லாம் சுல்தானோடது."

"அப்ப நான் எதுக்கு ஒல வைக்கணும்?" என்று முப்பிடாதி தொழுவத்தில் மூட்டியிருந்த அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள்.

மதியம் நால்வரும் கை கால் கழுவி, ஆளுக்கொரு இலை போட்டு, வரிசையாகச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார்கள். சுல்தான் எழுந்து வந்தது. ஒவ்வொரு இலையாக மோந்து பார்த்தது. பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, மெத்தைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"சோறு இன்னும் வேகல போலுக்கு," என்றான் செந்தட்டி.

"அவசரப்படுத்தாதலே," என்று அதட்டினான் பூவலிங்கம். "அவனுக்கு இன்னைக்குத்தான மொத நாளு."