மெழுகுதிரி ஃப்ரேம்

சுஜி என்னவிடப் பதினாலு வயசு சின்னவ. மெடிக்கல் கடைக்கு மேல ஒரு ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர் வச்சு ஆல்பம் டிசைன் சொல்லிக் குடுக்கா. நான் மூணு மாசமா அவகிட்டதான் படிக்கேன். டீச்சர்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. பாதி நாளு சண்டதான்.

அன்னைக்கு ரெண்டு மணிக்கு, எங்க கோயில்ல மணியடிச்சு வேலையெல்லாம் பாக்குற கோயில்பிள்ளை செபஸ்தி படியேறி வந்தாரு. அவரு மூச்சு வாங்குற சத்தம் கேட்டதுமே மவுச விட்டுட்டு எந்திரிச்சேன்.

என் வீட்டுக்காரர் ததேயுஸ் மீன்பிடிக்கப் போன படகு, கரைக்கு வரவேண்டிய நாள் தாண்டி ஒன்பது நாளாச்சு. படகுல ஆறு பேரு.

"அவங்க திரும்பி வரணும்னு அஞ்சு மணிக்கு ஜெபம், மெட்டில்டா. கோயில் வாசல்ல ஆறு பேர் போட்டோவும் வைக்கணும். அஞ்சு வீட்ல குடுத்தாச்சு. ஒன்னோடதுதான் பாக்கி."

"குடுக்கேன்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு ஃப்ரேம் ஒன் போனுக்கு அனுப்பிருக்கேன். கலர மட்டும் ஒனக்குப் புடிச்சதா மாத்திக்க."

தொறந்து பாத்தேன். சுத்திவர பூ, கீழ ரெண்டு மெழுகுதிரி. எல்லாம் கறுப்பு. நடுவுல வெறும் இடம். எங்க ஊர்ல யாரு செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல இதான் வரும். எங்கப்பா மொகத்தையும் இதுக்குள்ளதான் ஒட்டுனாங்க.

"இது சாவு ஃப்ரேம்லா."

"கறுப்பா இருந்தாத்தான் சாவு. கலர் போட்டா ஜெபத்துக்கு."

சொல்லிட்டு எறங்கிப் போய்ட்டாரு.

இதுக்குள்ள என் வீட்டுக்காரர வச்சா அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தோணிட்டு. வைக்காம விட்டா வாசல்ல அவரு எடம் மட்டும் காலியாக் கெடக்கும். அது அதவிடப் பயம்.

கம்ப்யூட்டர்ல அவரு போட்டோவத் தொறந்து மேல ஃப்ரேம வச்சேன். நீலத்த எடுத்து ஊத்துனேன். பூவு மட்டுமில்ல, மொத்தமும் நீலமாயிட்டு. அவரு மொகம் தண்ணிக்குள்ள போயிட்டு.

நான் போட்ட சத்தத்துல சுஜி எந்திரிச்சு வந்தா. ஒரே அமுக்குல நீலத்த எடுத்தா.

"வெறும் இடத்தப் பூட்டாம ஊத்திட்டீங்கக்கா. இந்தப் பூட்டு இருக்கு பாருங்க, இத அமுக்கிட்டு ஊத்துனா பூவுலயும் திரியிலயும் மட்டுந்தான் ஏறும்."

"தெரியும். நீ ஒண்ணும் சொல்லித் தரவேண்டாம்."

அவ போய் அவ எடத்துல உக்காந்துட்டா.

பூட்டிட்டு ஊத்துனேன். நீலம் கடல் மாதிரி இருந்துச்சு. செவப்பு ரத்தம். பச்சை மலர்வளையம். தங்கக் கலரு சவப்பொட்டியில அடிக்கிற ஜரிகை மாதிரி. வெள்ளைய வச்ச ஒடனே அழிச்சிட்டேன். பதினேழு கலரு மாத்திருப்பேன்.

"ஏட்டி சுஜி. நீ பெரிய படிப்புப் படிச்சவல்லா. சாவா தெரியாத கலரு எதுன்னு சொல்லு பாப்போம்."

அவ எந்திரிச்சு வந்து என் மானிட்டர ஆஃப் பண்ணுனா.

"என்னட்டி பண்ற?"

"போட்டோல அண்ணன் என்ன கலரு சட்ட போட்டிருக்காரு?"

"இப்ப அதுவா முக்கியம்? மணி நாலாகுது. ஒனக்குப் புருசனும் இல்ல, படகும் இல்ல, நீ கேப்ப. ஆன் பண்ணு."

"சொல்லுங்க. பண்றேன்."

சட்டக் கலரு எனக்கு ஞாபகமே வரல.  ரெண்டு மணி நேரமா அந்தப் போட்டோவத்தான் பாத்துட்டு இருந்தேன். திரியில எத்தன சொட்டு மெழுகு வழியுதுன்னு கேட்டா சொல்லிருப்பேன்.

அவ ஆன் பண்ணுனா. ஓரத்துல ஃப்ரேம் பேருக்குப் பக்கத்துல இருக்க கண்ணுப் படத்த அமுக்குனா. ஃப்ரேம் மறஞ்சிட்டு.

வாடாமல்லிக் கலரு சட்ட. போன திருவிழாவுக்கு அவரே போய் எடுத்தது. இந்த வயசுல இதென்ன கோமாளி வேசம்னு கேட்டேன். கூட்டத்துல ஒனக்கு என்னக் கண்டுபிடிக்க லேசா இருக்கும்ட்டின்னாரு. வெயிலுக்கு ஒரு கண்ணச் சுருக்கிட்டு நிக்காரு.

சுஜி கலர் உறிஞ்சுற குழல எடுத்து அந்தச் சட்ட மேல ஒரு தடவ தொட்டா. ஃப்ரேமத் திரும்பக் கொண்டுவந்து, பூட்டி, ஊத்துனா. பூவு, திரி எல்லாம் வாடாமல்லியாயிட்டு.

நாற்காலிய மானிட்டர் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"இப்பவும் பயமாத்தாம்ட்டி இருக்கு."

"இருக்கும்க்கா," ன்னா. "சட்ட தெரியுதா?"