திருப்பிப் போட்ட படம்

"எல்லாரும் உருண்டைன்னு சொல்றாங்க. ஒருத்தி மட்டும் சுருள்னு சொல்றா. அவ கண்ணு பொய்யாத்தான் இருக்கணுமா, டீச்சர்?"

கேட்டவள் உமையாள். வானாய்வுக்கூடம் அனுப்பும் விண்மீன் மண்டலப் படங்களைப் பார்த்து, இது உருண்டை, இது சுருள் என்று வடிவம் பிரித்துச் சொல்லும் தன்னார்வலர்களில் ஒருத்தி. இந்த வேலையைப் பழக்கிவிட்ட ஹெப்சிபாவுக்கு அவள் வயதில் பாதிகூட இராது. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.

உமையாளின் மகன் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூளைச்சாவு என்றார்கள் டாக்டர்கள். மறுபடி சோதித்தும் அதையே சொன்னார்கள். கணவரும் மருமகளும் அழுது ஓய்ந்து, சுவாசக் குழாயை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றாள். அவன் இமை அசைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சாதித்தாள். பெற்றவளை மீறிக் குழாயை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தும் அவள் போனில் படம் பார்ப்பதை விடவில்லை. வேறென்ன செய்வாள், பாவம். இன்று டீச்சரைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஒருத்தர் சொன்னது சரியா இருந்ததும் உண்டு," என்றாள் டீச்சர்.

"அப்ப நான் பார்த்தது நிஜம்."

டீச்சர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, இது என்ன என்று கேட்டாள்.

"சுருள். இந்தப் பக்கம் வளைஞ்சு வருது பாருங்க."

இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் சுருள் என்றாள் உமையாள். அடுத்ததும் சுருள்.

வானாய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்ப்பவர் கண்ணைச் சோதிக்க, பழைய படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி மறுபடி காட்டுவார்கள். தன்னார்வலர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எந்தப் படம் என்பதுதான் தெரியாது.

டீச்சர் படங்களைப் பழையபடி திருப்பினாள். ஒவ்வொன்றின் கீழும், விபத்துக்கு முன்னால் உமையாள் சொன்ன பதில் இருந்தது.

உருண்டை. உருண்டை. உருண்டை.

உமையாள் திரையருகே குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பவும் எனக்குச் சுருள்தான் தெரியுது, டீச்சர்."

"தெரியும்மா."

டீச்சருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

உமையாள் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"நான் வந்து பார்த்தா அவன் இமை அசையத்தான் செய்யும். அப்ப என் பேச்சைக் கேட்காதீங்க," என்றாள். "எங்க கையெழுத்துப் போடணும்னு விசாரிச்சு வைங்க."