தேரடிக்கு எழுதிய ஓலை

செந்நெற்கோட்டை ராஜா வரகுணருக்குக் கைதட்டல் என்றால் உயிர். சாப்பாடு இல்லாமல்கூட ஒரு வேளை இருந்துவிடுவார், கைதட்டல் இல்லாமல் இருக்கமாட்டார். இந்த ருசி போன தேர்த் திருவிழாவில்தான் ஒட்டிக்கொண்டது. தேரடியில் நின்று, பக்கத்து நாட்டு மேலைக்காட்டு ராஜாவை வாய்க்கு வந்தபடி இரண்டு வார்த்தை திட்டிவைத்தார். கூட்டம் அதிர அதிரக் கை தட்டியது. அன்றிலிருந்து மனுஷர் தரையில் நடக்கவில்லை.

அந்த வருஷம் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் கால்வாய் வற்றிப்போனது. மதகு இருப்பதோ மேலைக்காட்டில். பத்து நாள் தண்ணீர் விட்டால் ஊர் பிழைக்கும், இல்லாவிட்டால் அத்தனையும் வைக்கோல்தான். எந்தச் சிக்கலுக்கும் வழி கண்டுபிடிப்பவர் என்று சபையில் பெயரெடுத்த ஆவுடையப்பர், பணிவாக ஓர் ஓலை எழுதிக் கொடுத்தார். ராஜா அதைத் தேரடிக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் படித்துக் காட்டினார். கைதட்டல் வாங்காத வரியை அடித்தார். வாங்கிய இடத்தில் இன்னும் நாலு வசவைச் சேர்த்தார். மதகைத் திறந்துவிட வேண்டுகிறோம் என்ற வரிக்கு ஒருவரும் கை தட்டவில்லை. அதுவும் போயிற்று.

மிஞ்சியது வசவு மட்டும்தான். அதைத் தூக்கிக்கொண்டு போகும் பாக்கியம் ஆவுடையப்பருக்கே கிடைத்தது. மேலைக்காட்டுச் சபையில் தூதன் ஓலையை ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். ராஜாவை வைதவனுக்கு நாக்கு மிஞ்சாது. இரண்டுமே அங்கே பழைய வழக்கம். வழியெல்லாம் காய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போனார். பயம் இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

சபைக்குள் நுழைந்ததும், மேலைக்காட்டு ராஜாவான மாறப்பரைக் கும்பிட்டார் ஆவுடையப்பர். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, செந்நெற்கோட்டைப் பக்கம் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்து, "தவளை மூஞ்சிக்காரனே" என்று ஆரம்பித்துக் கணீரென்று படித்து முடித்தார். காவலர்கள் கத்தியை உருவினார்கள்.

மாறப்பர் கையமர்த்தினார். "எனக்கு வந்த ஓலையை ஜன்னலுக்கு ஏன் படிக்கிறாய்?"

"இது உங்களுக்கு எழுதினதே இல்லை, மகாராஜா. எங்கள் ஊர்த் தேரடிக்கு எழுதினது. யாருக்கு எழுதினதோ, அவர்களைப் பார்த்துப் படிப்பதுதானே முறை?"

"அப்படியானால் எனக்கு எழுதினது எங்கே?"

"அதற்குக் கைதட்டல் கிடைக்கவில்லை, அடித்துவிட்டார்கள். ஒரே வரிதான். பயிர் வாடுகிறது, பத்து நாள் மதகைத் திறந்துவிடுங்கள்."

மாறப்பருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. தண்ணீர் நிறையவே இருக்கிறது, கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு மதகைத் திறந்தால் தன் ஜனங்கள் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று இழுத்தார்.

"உங்களுக்கும் ஒரு தேரடி இருக்கிறதே, மகாராஜா," என்றார் ஆவுடையப்பர். "அங்கே போய், செந்நெற்கோட்டையை வெள்ளத்தில் மூழ்கடிக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்."

சொன்னார். மேலைக்காடே கை தட்டியது. மதகைத் திறக்க ஜனங்களே முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் செந்நெற்கோட்டை வயல்களில் தண்ணீர் நின்றது. வரகுணர் தேரடியில் ஏறி, தன் ஓலையைக் கேட்டு நடுங்கிப்போய் மேலைக்காட்டான் மதகைத் திறந்துவிட்டான் என்று முழங்கினார். கைதட்டலில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. அரண்மனைக்குத் திரும்பியதும், ஆவுடையப்பரைத் தனியே கூப்பிட்டு, நிஜமாகவே என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டார்.

"நம்மீது போர் தொடுத்திருக்கிறார்கள், மகாராஜா. கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது."

முழுக் கதையையும் கேட்டு ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். நாளைக்கே தேரடியில் ஊரறியப் பட்டுச் சால்வை போர்த்துவதாகச் சொன்னார்.

ஆவுடையப்பர் அவசரமாகத் தோளை நீட்டினார். "இங்கேயே போர்த்திவிடுங்கள், மகாராஜா. அங்கே கை தட்டுவார்கள். தட்டினால் நீங்கள் இன்னோர் ஓலை எழுதுவீர்கள்."